வெப்பமண்டல மர இறக்குமதி: இந்தியாவையும் சீனாவையும் ஒப்பிட்டுக் கணக்கெடுப்பது எப்படி?

ராமநாதபுரத்தில் மச்சான் ஒரு மர டெப்போ போடக் கிளம்பினார். ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை எந்தப் படகுத் துறையில் நின்று கேட்டாலும் ஆசாரிமார் சொல்வது ஒன்றுதான்: "நல்ல கட்டையெல்லாம் சீனாக்காரன் அள்ளிட்டுப் போயிடுறான் தம்பி, நமக்கு மிச்சம்தான்." அதை அப்படியே எடுத்து, "சீனாவின் கொள்முதலால் விலை உயர்கிறது" என்று ரிப்போர்ட்டில் எழுதிவிட்டேன். வங்கி அதிகாரி அந்த வரியின் கீழ் பேனாவால் கோடு போட்டு, "இதுக்கு ஆதாரம்? ரெண்டு நாட்டுக்கும் இருபது வருஷக் கணக்கு கொண்டு வாங்க" என்றார்.

அரை நாள் வேலை என்று நினைத்தேன். இரண்டு மாதம் ஆனது. மூன்று முறை முதலிலிருந்து செய்தேன். மூன்று முறையும் தப்பு ஒரே ரகம்தான்: இந்தப் பக்கம் ஒன்றை எண்ணி, அந்தப் பக்கம் வேறொன்றை எண்ணியிருந்தேன். கல்லூரி ப்ராஜெக்டோ, கடன் ரிப்போர்ட்டோ, இதே வேலையில் இறங்கும் உங்களுக்கு இது ஒரு வாரத்தில் முடிய வேண்டும்.

1. முதலில் கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

"மர இறக்குமதி" என்று மொட்டையாக வைத்துக்கொண்டு இணையத்தில் இறங்காதீர்கள். உருட்டுக்கட்டையா, அறுத்த பலகையா? கன மீட்டரா, டாலரா? எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை? நான் கடைசியில் எழுதி மேசையில் ஒட்டி வைத்த வரி: "2000 முதல் இந்தியாவும் சீனாவும் இறக்குமதி செய்த வெப்பமண்டலக் கடின மரக் கட்டையும் பலகையும், கன மீட்டரில், ஜனவரி–டிசம்பர் ஆண்டுக்கு."

கட்டையோடு நிறுத்தலாமே என்று தோன்றும். வேண்டாம். ஒரு நாடு கட்டை ஏற்றுமதியைத் தடை செய்தால் அங்கிருந்து வரும் மரம் நின்றுவிடாது, பலகையாக மாறி வரும். கட்டையை மட்டும் பார்த்தால் இறக்குமதி விழுந்துவிட்டதுபோல் தெரியும்.

2. குறியீட்டைப் பிடியுங்கள் (இங்கேதான் என் மானம் போனது)

உலகச் சுங்கத்துறைகள் எல்லாம் பொருளை எச்.எஸ். குறியீட்டு எண்ணால்தான் பதிகின்றன. மரம் 44ஆம் அத்தியாயம். அதில் 4403 உருட்டுக்கட்டை. 4407 என்பது 6 மில்லிமீட்டருக்கு மேல் கனமுள்ள அறுத்த மரம். 4408 வெனீர் (மெல்லிய மரத் தகடு), 4412 பிளைவுட்.

முதல் முறை நான் 4403ஐ மொத்தமாக இறக்கினேன். வரைபடம் ஜோராக ஏறியது. அதிகாரி நாடுவாரிப் பட்டியலைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: "நியூசிலாந்துல தேக்கு விளையுதா தம்பி?" விளையாது. அங்கிருந்து வருவது பைன். 4403க்குள் பைனும் வரும், ரஷ்யாவிலிருந்து சீனாவுக்குப் போகும் குளிர்நாட்டு மரமும் வரும், யூகலிப்டஸும் வரும். வெப்பமண்டல மரத்துக்கு ஆறு இலக்கம் வரை இறங்க வேண்டும்:

- கட்டை: 440341 முதல் 440349 வரை உள்ள எல்லாம்
- பலகை: 440721 முதல் 440729 வரை உள்ள எல்லாம்

"உள்ள எல்லாம்" என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்த எண்கள் 1996, 2002, 2007, 2012, 2017, 2022 ஆகிய பதிப்புகளில் திருத்தப்பட்டவை. 2022 பதிப்பில்தான் தேக்குக் கட்டைக்கு 440342 என்று தனி எண் கிடைத்தது. அதுவரை தேக்கு 440349 என்ற "மற்றவை"க்குள் கிடந்தது. 440349 ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு போனால், 2022இல் இந்தியாவின் இறக்குமதி திடீரென்று சரிந்ததாகத் தெரியும். சரியவில்லை, தேக்கு பக்கத்து வீட்டுக்குக் குடிபோனது, அவ்வளவுதான். பலகையிலும் இதே கதை, அங்கே தேக்கின் புது எண் 440723. 1996க்கு முந்தைய எண்கள் வேறு மாதிரி. அதற்குப் பின்னால் போகாதீர்கள். 2000இல் தொடங்குவது நிம்மதி.

இன்னொரு பொறி ஈட்டி வகை மரங்கள். சீனாவில் மரச்சாமான் செய்யப் பயன்படும் விலையுயர்ந்த சிவப்பு மரங்களுக்கு 'ஹோங்மு' என்று பெயர். பல ஆண்டுகள் அந்தக் கட்டைகள் 440399 என்ற பொது "மற்றவை" எண்ணில் பதிவாகின. ஆகவே வெப்பமண்டல எண்களை மட்டும் கூட்டினால் சீனாவின் கணக்கு குறைத்துக் காட்டும். 440399ஐத் தனி நெடுவரிசையில் வையுங்கள், மொத்தத்தில் கலக்காதீர்கள். ரிப்போர்ட்டில் ஒரு வரி விளக்கம் போதும்.

3. கணக்கு எங்கே கிடைக்கும், என்ன செலவு

எல்லாம் இலவசம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "ஷிப்மென்ட் வாரியாகத் தருகிறோம்" என்று ஆயிரக்கணக்கில் கேட்கும் தனியார் தளங்கள்தான் தேடலில் முதலில் வந்து நிற்கும். உங்களுக்கு அது தேவையில்லை.

ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பான எஃப்.ஏ.ஓ.வின் புள்ளிவிவரத் தளத்தில் தொடங்குங்கள். வனத்துறைப் பிரிவில் வெப்பமண்டல உருட்டுக்கட்டை 1990 முதல் தனியாக இருக்கிறது. ஒரு மதியத்தில் இரு நாட்டுக்கும் மொத்தப் போக்கு கைக்கு வந்துவிடும். பலகையை அங்கே இப்படிப் பிரித்துத் தர மாட்டார்கள். இரண்டு எச்சரிக்கை. நாட்டுப் பட்டியலில் "சீனா" என்றும் "சீனா, பெருநிலம்" என்றும் இரண்டு இருக்கும். முதலாவதில் ஹாங்காங், மக்காவ், தைவான் எல்லாம் சேர்த்தி. இரண்டையும் டிக் செய்தால் ஒரே மரத்தை இரண்டு முறை எண்ணுவீர்கள். அடுத்தது, ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். ஏ என்றால் அரசு கொடுத்த எண், இ என்றால் மதிப்பீடு. மதிப்பீட்டு எண்ணை மஞ்சளில் அடித்து வையுங்கள்.

அடுத்து காம்ட்ரேட் என்ற ஐ.நா.வின் வணிகத் தரவுத் தளம். ஆறு இலக்கக் கணக்கு, எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதோடு கிடைக்கும். மின்னஞ்சல் கொடுத்து இலவசக் கணக்கு தொடங்கிவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். உள்நுழையாமல் தேடினால் முன்னோட்டத்தில் 500 வரிதான் வரும், மீதி வெட்டுப்படும். வெட்டுப்பட்டது தெரியாமல் நான் நான்கு நாள் கூட்டிக்கொண்டிருந்தேன். இந்தியாவின் எண் அங்கே 699, சீனாவுடையது 156. வேறு தளங்களில் இந்தியா 356 என்று இருக்கும், இரண்டு கோப்புகளை ஒட்டும்போது இது இடிக்கும். பதிப்பு கேட்கும் இடத்தில் ஒரே பழைய பதிப்பைத் தேர்ந்தெடுத்தால் பின்னால் வந்த எண்களையும் அதற்கு மாற்றியே தருவார்கள். மேலே சொன்ன தேக்குத் தலைவலி பாதி குறையும்.

நம் வணிக அமைச்சகத்தின் ஏற்றுமதி–இறக்குமதித் தரவு வங்கி எட்டு இலக்கம் வரை இறங்கும். மர வகைவாரியாக வேண்டுமென்றால் இதுதான். சீனச் சுங்கத் தளம் மெதுவாகத் திறக்கும், படத்தில் எழுத்தைக் கண்டுபிடி என்று பாடாய்ப் படுத்தும். காம்ட்ரேட்டில் கிடைக்காத மாதத்துக்கு மட்டும் அங்கே போனால் போதும்.

ஐ.டி.டி.ஓ. என்ற பன்னாட்டு வெப்பமண்டல மர அமைப்பை மறக்காதீர்கள். தலைமையகம் ஜப்பானின் யோகோஹாமா. மாதம் இருமுறை வரும் அவர்களின் சந்தை அறிக்கையில் இந்தியாவுக்குத் தனிப் பகுதி உண்டு. எந்த நாட்டுத் தோட்டத் தேக்கு நம் துறைமுகத்தில் வந்து இறங்க என்ன விலை என்று அட்டவணையே போடுவார்கள். ஒரு வேடிக்கை: அந்த அமைப்பில் சீனா நுகர்வோர் நாடு, இந்தியா உற்பத்தி நாடு! நுகர்வோர் பட்டியலில் இந்தியாவைத் தேடி நான் அரை மணி நேரம் தொலைத்தேன்.

எனக்கு ஆன செலவு: இணையம் வீட்டுடையது. ஜெராக்ஸ், கலர் பிரிண்ட், ஸ்பைரல் பைண்டிங் எல்லாம் சேர்த்து 400 ரூபாய்க்குள்.

4. கன மீட்டர் எல்லாம் ஒரே கன மீட்டர் அல்ல

இதைக் கற்றுக்கொடுத்தவர் கீழக்கரைப் பக்கம் டெப்போ வைத்திருக்கும் ஒரு காக்கா (அந்தப் பக்கத்து முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம்). "இறக்குமதிக் கணக்கில் ஒரு விலை வருது, உங்க பில்லுல வேற வருதே காக்கா" என்று போய் நின்றேன். அவர் பேசவில்லை. சணல் கயிற்றை எடுத்து ஒரு கட்டையின் நடுவில் சுற்றினார், சுற்றை டேப்பில் வைத்தார்: 60 அங்குலம். நீளம் 16 அடி. கயிற்றை நாலாக மடித்தார், 15 அங்குலம். "பதினஞ்சும் பதினஞ்சும் பெருக்கு, 144ல வகு, பதினாறால பெருக்கு." 25 கன அடி வந்தது.

"இப்ப இதை வட்டமா நினைச்சுக் கணக்குப் போடு" என்றார். வட்டத்தின் பரப்பை எடுத்து நீளத்தால் பெருக்கினால் கிட்டத்தட்ட 31.8 கன அடி. ஒரே கட்டை, இரண்டு அளவு. முதலாவது ஹாப்பஸ் அளவு. அறுக்கும்போது போகும் சேதாரத்தைக் கழித்துவிட்டு வாங்குபவனுக்குக் கொடுக்கும் பழைய வழக்கம். உண்மைக் கன அளவில் அது 78.5 சதவீதம்தான். தேக்கு வியாபாரத்தில் இன்றும் புழங்குகிறது.

ஒரு கன மீட்டர் என்பது 35.315 கன அடி. காக்காவின் கட்டை ஹாப்பஸில் 0.71 கன மீட்டர், உண்மையில் 0.90. டெப்போ பில்லையும் சுங்கக் கணக்கையும் ஒப்பிட்டு விலை வித்தியாசம் எழுதப் போகிறீர்கள் என்றால், பேக்கிங் லிஸ்ட்டில் எந்த அளவு என்று கேட்காமல் எழுதாதீர்கள். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அங்கேயே ஓடிவிடும்.

டெப்போக்காரர் மனம் வைத்தால் பார்க்க வேண்டிய காகிதங்கள்: பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்தில் கொடுக்கும் இறக்குமதிப் படிவம், எட்டு இலக்கக் குறியீடு இதில்தான் இருக்கும்), பேக்கிங் லிஸ்ட், பிறப்பிடச் சான்று, தாவர நலச் சான்று. நகல் கேட்காதீர்கள், கொடுக்க மாட்டார்கள். குறியீட்டையும் அளவையும் நோட்டில் எழுதிக்கொண்டு வந்துவிடுங்கள்.

காம்ட்ரேட்டில் சில வரிகளில் கன மீட்டர் காலியாக இருக்கும், கிலோ மட்டும் இருக்கும். கிலோவைக் கன மீட்டராக்க ஒரே எண்ணால் வகுக்காதீர்கள். லேசான பால்சாவும் மரம்தான், கனத்த ஈட்டியும் மரம்தான். அந்த வரிகளைத் தனியே வைத்து, எத்தனை சதவீதம் என்று எழுதுங்கள்.

பலகையையும் கட்டையையும் அப்படியே கூட்டவும் கூடாது. ஒரு கன மீட்டர் பலகைக்குச் சுமார் 1.8 கன மீட்டர் கட்டை என்று எடுத்துக்கொள்வது வழக்கம். பலகையை 1.8ஆல் பெருக்கிப் பிறகு கூட்டுங்கள், இரண்டு நாட்டுக்கும் அதே எண்.

5. ஆண்டு எங்கே தொடங்குகிறது?

நம் தரவு வங்கியின் ஆண்டு ஏப்ரல்–மார்ச். சீனாவுடையது ஜனவரி–டிசம்பர். மூன்று மாதம்தானே என்று நானும் விட்டேன், இரண்டாவது முறை முதலிலிருந்து செய்ய வேண்டி வந்தது அதனால்தான்.

மியான்மர் 2014 ஏப்ரல் 1 முதல் உருட்டுக்கட்டை ஏற்றுமதியைத் தடை செய்தது. தடைக்கு முந்தைய மாதங்களில் கிடைத்ததையெல்லாம் கப்பலில் ஏற்றினார்கள். அந்த ஜனவரி–மார்ச் அவசரம் இந்தியக் கணக்கில் 2013-14இல் விழும், சீனக் கணக்கில் 2014இல் விழும். என் வரைபடத்தில் தடை வந்ததும் இந்தியா விழுந்தது, சீனா அந்த ஆண்டும் மியான்மர் மரம் வாங்கிக்கொண்டே இருந்தது. "தடையைச் சீனா மதிக்கவில்லை" என்று ஒரு பத்தியே எழுதிவிட்டேன். நல்லவேளை, கொடுப்பதற்கு முன் கிழித்தேன்.

வழி ஒன்றுதான்: மாதக் கணக்கை இறக்கி, நீங்களே ஜனவரி முதல் டிசம்பர் வரை கூட்டுங்கள். மாதக் கணக்கு கிடைக்காத பழைய ஆண்டுகளுக்கு மூன்றாண்டு சராசரி போட்டு, அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். கடைசி ஆறு மாத எண்களை ரிப்போர்ட்டில் சேர்க்காதீர்கள். அவை பின்னால் திருத்தப்படும்.

6. ரூபாயில் வரைபடம் போடாதீர்கள்

2013 ஆகஸ்டில் டாலர் 68 ரூபாயைத் தாண்டியது. ஒரு கட்டைகூட அதிகம் வராமலே ரூபாய்க் கணக்கு ஏறியிருக்கும். போக்குக்குக் கன மீட்டர், விலைக்கு டாலர். உலக வங்கி மாதந்தோறும் வெளியிடும் விலைப் பட்டியலில் மலேசியக் கட்டை, கேமரூன் கட்டை விலைகள் உண்டு, இலவசம்தான்.

இறக்குமதி மதிப்பில் கப்பல் வாடகையும் காப்பீடும் சேர்த்தி, சுங்க வரி சேர்த்தி இல்லை. ஏற்றுமதி செய்த நாட்டின் கணக்கில் வாடகையும் காப்பீடும் இருக்காது. அடுத்த படிக்கு இது வேண்டும்.

7. எதிர்ப்பக்கக் கணக்கோடு உரசிப் பாருங்கள்

பப்புவா நியூ கினி சீனாவுக்கு அனுப்பியதாகச் சொல்வதும் சீனா அங்கிருந்து வாங்கியதாகச் சொல்வதும் ஒன்றாக இருக்காது. டாலரில் பத்துப் பதினைந்து சதவீதம் இடித்தால் வாடகை என்று விட்டுவிடலாம். கன மீட்டரிலேயே இரண்டு மடங்கு இடித்தால் குறியீட்டிலோ அலகிலோ கோளாறு. எல்லா நாட்டுக்கும் செய்ய நேரம் இருக்காது. இந்தியாவுக்கு மூன்று, சீனாவுக்கு மூன்று, அளவில் பெரிய நாடுகளை எடுத்து, ஆளுக்கு ஐந்து ஆண்டு பார்த்தால் போதும்.

ஒவ்வொரு வரியிலும் மதிப்பை அளவால் வகுத்து விலையைப் பாருங்கள். ஒரு வரியில் தேக்கு கன மீட்டருக்கு 9 டாலர் என்று வந்தது. அந்த விலைக்குக் கிடைத்தால் நானே டெப்போ போட்டிருப்பேன்.

நாடுகளும் பெயர் மாறும். சூடான் 2011இல் இரண்டானது. அதன்பின் தெற்கு சூடான் தேக்கு வேறு எண்ணில் வரும்.

8. வரைபடம்

இரண்டு நாட்டையும் ஒரே அளவுகோலில் போட்டால் சீனா மலை, இந்தியா தரையோடு கிடக்கும் கோடு. இரண்டு படம் போடுங்கள். ஒன்று உள்ளபடி கன மீட்டரில். மற்றது 2000ஐ 100 என்று வைத்து. அடிப்படை ஆண்டு ஏதாவது விபரீதமான ஆண்டாக இருந்தால் படமே பொய் சொல்லும், ஆகவே 2000, 2001, 2002 மூன்றின் சராசரியை 100 என்று வையுங்கள்.

பிறகு கோட்டின் மேல் செங்குத்தாகச் சில குறிகள்: 2001 இந்தோனேசியாவின் கட்டைத் தடை, 2010 காபோன் தடை, 2014 மியான்மர், 2017 தொடக்கத்தில் சீனா தன் இயற்கைக் காடுகளில் வணிக மரவெட்டை நாடெங்கும் நிறுத்தியது, 2020 கொரோனா. இதற்கு மேல் குறி போட்டால் முள்வேலி மாதிரி ஆகிவிடும்.

9. என்ன எழுதலாம், எதை எழுதக் கூடாது

சீனா உலகின் மிகப் பெரிய வெப்பமண்டலக் கட்டை இறக்குமதியாளர், பெரும்பாலான ஆண்டுகளில் இந்தியா இரண்டாவது. இவ்வளவு தாராளமாக எழுதலாம். "ஆகவே நம் விலை ஏற்றத்துக்குச் சீனாதான் காரணம்" என்று மட்டும் எழுதாதீர்கள். நாடுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியம். சீனா பெருமளவு பப்புவா நியூ கினி, சாலமன் தீவுகள் பக்கம் வாங்குகிறது. நம் கட்டை வெகுகாலம் மலேசியா, மியான்மரிலிருந்து வந்தது. மியான்மர் மூடிய பிறகு தேக்குக்கு ஆப்பிரிக்காவுக்கும் ஈக்வடார், பனாமா, கோஸ்டா ரிகா பக்கமும் போய்விட்டோம். இரண்டு பேரும் எப்போதும் ஒரே கடையில் நிற்பதில்லை. தேக்கில் உலகிலேயே பெரிய இறக்குமதியாளர் நாம்தான். அந்தக் கடையில் விலையை ஏற்றிவிடும் ஆள் யார் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இதைத் தொண்டியில் ஆசாரியிடம் போய்ச் சொன்னேன். ஏராவுக்கு (படகின் அடிக்கட்டைக்கு) மரம் செதுக்கிக்கொண்டிருந்தவர் உளியை வைத்துவிட்டுக் கேட்டார்: "அப்ப நம்மாளே நம்மாளுக்கு விலையை ஏத்துறானா?" கொஞ்ச நேரம் கழித்து, "படகுக்கு யாருய்யா தேக்கு போடுறா இப்ப" என்று அவரே அதைத் தள்ளியும் விட்டார். அதுவும் நியாயம். உங்கள் ரிப்போர்ட் எந்த மரத்தைப் பற்றியது என்பதை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

10. கொடுப்பதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

- இறக்கிய சி.எஸ்.வி. கோப்புகள், கை படாமல் தனி ஃபோல்டரில். வேலையை நகலில் செய்யுங்கள்.
- எந்தத் தளம், எந்தக் குறியீடு, எந்தப் பதிப்பு, எந்தத் தேதியில் இறக்கியது என்று ஒரு பக்கம். அடுத்த மாதம் அதே தேடலுக்கு வேறு எண் வந்தால் உங்களைக் காப்பாற்றுவது இந்தத் தேதிதான்.
- அலகு, ஆண்டு, 1.8 பெருக்கல், காலி வரிகள் பற்றி அரைப் பக்கம்.
- இரண்டு வரைபடம், ஓர் அட்டவணை. மொத்தம் ஆறு பக்கத்தைத் தாண்ட வேண்டாம்.

நேரக் கணக்கு: கேள்வியும் குறியீடும் ஒரு நாள், இறக்குவது ஒரு நாள், மாதம் மாதமாகக் கூட்டுவது இரண்டு நாள், உரசிப் பார்ப்பது ஒரு நாள், எழுதுவது ஒரு நாள். வங்கியில் கொடுக்க வேண்டிய தேதிக்குப் பத்து நாள் முன்பே தொடங்குங்கள். மார்ச் கடைசி வாரத்தில் போகாதீர்கள், உட்கார வைத்துப் பேச அங்கே யாருக்கும் நேரம் இருக்காது.

என் அதிகாரி வரைபடத்தைப் பார்க்கவே இல்லை. நேராக அலகு எழுதிய அரைப் பக்கத்துக்குப் போய், இரண்டு முறை படித்து, கையெழுத்துப் போட்டுக் கோப்பில் வைத்தார். பிறகு டெப்போ மனைக்கு வில்லங்கச் சான்று கேட்டார். அதற்கு நான் அலைந்த அலைச்சல் தனிக் கட்டுரை.